பெருமூளை வாதமுடையோரில் ஓக்காளமும் எதுக்களிப்பும்

பெருமூளை வாதமுடையோரில் ஓக்காளமும் எதுக்களிப்பும் என்பன உணவூட்டலின்போது காணப்படும் இரு வேறு சிக்கல்கள் ஆகும். வாயில் வைத்த உணவைத் தொண்டை ஏற்காமல் சுருங்கி வெளித்தள்ளுவது ஓக்காளம் எனப்படும். இரைப்பைக்குச் சென்ற உணவும் அமிலமும் உணவுக்குழாய்க்குள் திரும்ப ஏறுவது எதுக்களிப்பு எனப்படும். இவ்விரண்டும் பிடிவாதத்தாலோ உணவின்மீது உள்ள வெறுப்பாலோ தோன்றுவன அல்ல. தசைகளை மூளை இயக்கும் முறையில் ஏற்பட்ட குறைபாட்டின் விளைவுகளாகும். கவனிக்காது விடப்பட்டால் எடைக் குறைவு, அடிக்கடி நுரையீரல் அழற்சி, உணவுக்குழாய்ப் புண் ஆகியவை ஏற்படும்.

அமரும் நிலை, உணவின் பதம், ஊட்டும் வேகம் ஆகிய மூன்றையும் சீராக்குவதே இச்சிக்கல்களைக் கையாள்வதன் முதற்படியாகும். மருந்தும் அறுவைச் சிகிச்சையும் அதன் பின்னரே வருகின்றன. இக்கட்டுரை இவற்றைப் பொதுவாக விளக்கி, தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு வீட்டுச் சூழலில் இவை எவ்வாறு அமைகின்றன என்பதையும் கூறுகிறது.

சொற்பொருள்

பேச்சு வழக்கில் 'வாந்தி' என்ற ஒரே சொல்லால் பல நிகழ்வுகள் குறிக்கப்படுகின்றன. மருத்துவரிடம் விவரிக்கும்போது இவற்றைப் பிரித்துக் கூறுதல் பயனுடையது.

• ஓக்காளம்: நாவின் பின்பகுதியோ தொண்டையோ தொடப்படும்போது தொண்டைத் தசைகள் திடீரெனச் சுருங்குதல். வயிற்றிலிருந்து எதுவும் வெளிவராமலும் இருக்கலாம்.
• எதுக்களிப்பு: முயற்சி ஏதுமின்றி உணவோ புளித்த நீரோ மேலேறுதல். வாய்வரை வராமல் நெஞ்சளவிலேயே நின்றுவிடவும் கூடும்.
• வாந்தி: வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையில் உள்ளவற்றை வலிந்து வெளியேற்றுதல்.
• புரையேறுதல்: உணவோ நீரோ உமிழ்நீரோ மூச்சுக்குழலுக்குள் நுழைதல். இருமல் சிறிதுமின்றி நிகழ்ந்தால் அது அமைதிப் புரையேற்றம் எனப்படும்.

பெருமூளை வாதம்

பெருமூளை வாதம் (மூளை முடக்குவாதம்) என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலோ ஏற்படும் பாதிப்பால் உடலசைவும் உடல் நிலையும் குறைபடுதல் ஆகும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு காலப்போக்கில் பெருகுவதில்லை. எனினும் அதன் விளைவுகள் வயதுக்கேற்ப மாறக்கூடும். இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இந்நிலை இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

கை கால்களை இயக்குவதில் உள்ள குறைபாடே வெளியில் எளிதாகத் தெரியும். ஆனால் உதடு, நாக்கு, தாடை, தொண்டை, உணவுக்குழாய் ஆகியவையும் தசைகளால் இயங்குவனவே. ஆகவே உடலியக்கக் குறைபாடு கடுமையாக இருப்பவர்களில் உண்ணும் திறனும் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். இவர்களின் உண்ணும் திறனை மதிப்பிட, உண்ணல் மற்றும் குடித்தல் திறன் வகைப்பாடு என்ற ஐந்து படிநிலைகள் கொண்ட முறை 2014-இல் இங்கிலாந்தில் வெளியிடப்பட்டது. இதில் முதல் நிலையினர் பாதுகாப்பாகவும் போதிய விரைவுடனும் உண்பர். ஐந்தாம் நிலையினருக்கு ஊட்டமளிக்கக் குழாயின் துணை தேவைப்படலாம்.

ஓக்காளம் தோன்றும் விதம்

ஓக்காளம் உடலின் காப்பு மறிவினைகளுள் ஒன்றாகும். தொண்டையின் தொடுவுணர்வை ஒன்பதாம் மண்டையோட்டு நரம்பு மூளைத் தண்டுக்குக் கொண்டு செல்கிறது. சுருங்குமாறு இடப்படும் கட்டளை பத்தாம் நரம்பின் வழியே திரும்பி வருகிறது. பிறந்த குழந்தைக்கு நாவின் முன்பகுதியைத் தொட்டாலே ஓக்காளம் வரும். குழந்தை விரல்களையும் பொம்மைகளையும் வாயில் வைத்துப் பழகப் பழக, ஓக்காளம் தூண்டப்படும் இடம் படிப்படியாக நாவின் பின்பகுதிக்கு நகர்கிறது. 6 முதல் 9 மாதங்களில் திட உணவைத் தொடங்க இயல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருமூளை வாதமுடைய குழந்தையால் கையை வாய்க்குக் கொண்டு செல்ல இயலாமல் போகலாம். அதனால் இந்தப் பழக்கம் நிகழ்வதில்லை; ஓக்காளம் தூண்டப்படும் இடம் நாவின் முன்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. பல வாரங்கள் மூக்கு வழிக் குழாயில் உணவு பெற்ற குழந்தைகளிலும், வாயிலிருந்து சளியை அடிக்கடி உறிஞ்சி எடுக்கப்பட்ட குழந்தைகளிலும் வாய்க்கூச்சம் மிகுதியாக இருக்கும். இவர்களுக்குக் கரண்டி உதட்டில் பட்டாலே ஓக்காளம் வரக்கூடும்.

இதற்கு மாறாகச் சிலரில் ஓக்காளம் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கும். ஓக்காளம் இல்லை என்பதால் விழுங்குதல் பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது. அமைதிப் புரையேற்றம் இத்தகையோரிலும் நிகழலாம்.

எதுக்களிப்பு தோன்றும் விதம்

உணவுக்குழாயின் கீழ் முனையில் உள்ள சுருக்குத்தசை, உணவு கீழிறங்கும்போது திறந்து பின்னர் மூடிக்கொள்கிறது. உதரவிதானம் அதைச் சுற்றி நின்று இந்த மூடுதலுக்குத் துணை செய்கிறது. பெருமூளை வாதத்தில் பின்வரும் காரணிகள் இந்த அமைப்பைக் குலைக்கின்றன.

• சுருக்குத்தசை தேவையற்ற நேரங்களில் தளர்தல்
• உணவுக்குழாயின் அலையியக்கம் குறைதல், இரைப்பை மெதுவாகக் காலியாதல்
• வயிற்றுத் தசைகளின் இறுக்கத்தாலும் வலிப்பாலும் வயிற்றினுள் அழுத்தம் கூடுதல்
• முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து இரைப்பையை நெருக்குதல்
• நாளின் பெரும்பகுதி படுத்தே இருத்தல்
• நாட்பட்ட மலச்சிக்கல்
• இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் பிதுங்குதல்

உடலியக்கக் குறைபாடு கடுமையாக உள்ளவர்களில் 70 விழுக்காடு வரையானோருக்கு எதுக்களிப்பு நோய் இருக்கலாம் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஓக்காளமும் எதுக்களிப்பும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. அடிக்கடி மேலேறும் அமிலம் தொண்டையைப் புண்படுத்துவதால் கூச்சம் மிகுந்து ஓக்காளம் கூடுகிறது. ஓக்காளத்தின்போது வயிறு இறுகுவதால் எதுக்களிப்பு கூடுகிறது. உண்டால் நெஞ்சு எரியும் என்பதைக் குழந்தை கற்றுக்கொண்டபின், கரண்டியைக் கண்டதுமே வாயை மூடிக்கொள்கிறது. பெற்றோர் இதைப் பிடிவாதம் என்று கருதி வலிந்து ஊட்டினால் சிக்கல் மேலும் முற்றுகிறது.

அறிகுறிகள்

பேச இயலாதவர்கள் நெஞ்செரிச்சலைச் சொல்ல முடியாது. ஆகவே கவனிப்பவரே அறிகுறிகளைக் கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

• உண்ணும்போதோ உண்டபின்னரோ முதுகை வில்லாக வளைத்தல், கழுத்தைத் திருப்புதல், அழுதல்
• இரவில் இருமல், தூக்கம் கலைதல்
• உண்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று ஒலித்தல்
• கண்ணில் நீர் வருதல், முகம் சிவத்தல் அல்லது வெளுத்தல்
• பற்களின் உட்புறம் அரித்தல், வாயில் புளித்த வாடை
• எடை கூடாமை, குருதிச்சோகை
• திரும்பத் திரும்பச் சளியும் காய்ச்சலும்

எதுக்களிப்பின்போது கழுத்தும் முதுகும் முறுக்கிக்கொள்வது சாண்டிஃபர் நோய்க்கூட்டம் எனப்படும். இது 1964-இல் மருத்துவ இதழொன்றில் முதலில் விவரிக்கப்பட்டது. வலிப்பு என்று தவறாகக் கருதப்பட்டு, பயனற்ற வலிப்பு மருந்துகள் தரப்படுவதும் உண்டு. உணவு நேரத்தை ஒட்டியே இது நிகழ்கிறதா என்று குறித்து வைத்தலும், கைப்பேசியில் அதைப் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுதலும் வேறுபடுத்தி அறிய உதவும்.

கண்டறிதல்

முதல் ஆய்வு, உணவூட்டுவதை நேரில் காண்பதே. பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் குழந்தை அமரும் நிலை, உதடு மூடல், நாவசைவு, ஒரு வாய் உணவுக்கு எத்தனை முறை விழுங்குகிறது என்பவற்றைக் கவனிப்பார். ஒரு வேளை உணவுக்கு 30 நிமிடங்களுக்கு மேலாவதும், ஒரு நாளில் ஊட்டுவதற்கு மட்டும் 3 மணி நேரத்திற்கு மேல் செலவாவதும் உண்ணும் திறன் போதவில்லை என்பதற்கான அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து ஊடுகதிர்ப் படமாகக் காண்பது புரையேற்றத்தைக் காட்டும். உணவுக்குழாயில் மெல்லிய கம்பியை 24 மணி நேரம் வைத்து அமிலத்தையும் மின்தடையையும் அளப்பது எதுக்களிப்பை உறுதிசெய்யும். உள்நோக்கி வழியே புண்ணைக் காணலாம். இவ்வசதிகள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடலியல் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆய்வுக்கு வாய்ப்பில்லாத இடங்களில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தைக் குறுகிய காலம் கொடுத்துப் பலனைக் காணலாம் என்கிறது.

கையாளும் முறைகள்

அமரும் நிலை

தலை நடுவில், முகவாய் சற்றுத் தாழ்ந்து, முதுகு நேராக, இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, பாதங்கள் ஏதேனும் ஒரு பரப்பில் பதிந்திருத்தல் பொதுவாகச் சிறந்த நிலையாகும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழலின் வாயில் திறந்து, உணவு அதனுள் செல்வது எளிதாகிறது. சிறப்பு நாற்காலி இல்லாத வீட்டில் சுவரின் மூலையில் அமர்த்தி, இருபுறமும் தலையணையோ சுருட்டிய சேலையோ வைத்துத் தாங்கலாம். வயிறு மடங்கிக் கூனிய நிலையில் அமர்த்தினால் இரைப்பை நெருக்கப்பட்டு எதுக்களிப்பு கூடும்.

உண்டபின் 30 முதல் 60 நிமிடங்கள்வரை நிமிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். குளிப்பாட்டுதல், உடற்பயிற்சி, துணி மாற்றுதல் ஆகியவற்றை உணவுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. தூங்கும்போது இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தல் மூத்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் உதவும். ஓராண்டு நிறையாத குழந்தைகளை மல்லாந்தே தூங்கவைக்க வேண்டும்.

உணவின் பதம்

நீர் போன்ற உணவு விரைந்து ஓடித் தொண்டையை அடைவதால் புரையேறும் வாய்ப்பு அதிகம். கெட்டியான, ஒரே சீரான உணவு மெதுவாக நகர்வதால் விழுங்கக் காலம் கிடைக்கிறது. 2013-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு முயற்சி ஒன்று உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்துள்ளது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் இதில் உண்டு. இதற்கென வரையறுத்த அளவுள்ள 10 மி.லி. ஊசிக்குழலில் நீர்மத்தை நிரப்பி 10 நொடிகள் ஒழுகவிட வேண்டும். 1 மி.லி.க்கும் குறைவாக எஞ்சினால் அது 0 நிலை (தண்ணீர் போன்றது). 1 முதல் 4 மி.லி. எஞ்சினால் 1-ஆம் நிலை. 4 முதல் 8 வரை எஞ்சினால் 2-ஆம் நிலை. 8-க்கு மேல் எஞ்சினால் 3-ஆம் நிலை. எந்த நிலை பொருந்தும் என்பதை விழுங்கல் பயிற்சியாளர் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு உணவுகளுக்கு இதைப் பின்வருமாறு பொருத்தலாம்.

• ரசஞ்சோறு, நீராகாரம்: நீரும் பருக்கையும் கலந்த இரட்டைப் பதம். நீர் முன்னே ஓட, பருக்கை வாயில் தங்கும். விழுங்கற் குறைபாடு உடையோருக்கு இது மிகவும் கடினமானது.
• கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், சத்துமாவுக் கஞ்சி: கட்டியின்றிக் காய்ச்சினால் சீரான பதம் கிடைக்கும். ஆறும்போது இறுகும் என்பதால் ஊட்டும் நேரத்தில் பதத்தை மீண்டும் பார்க்க வேண்டும். எச்சில் பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப இட்டால், உமிழ்நீர் மாவுப்பொருளைச் செரித்துக் கஞ்சியை நீர்த்துப்போகச் செய்யும்.
• இட்லி: உலர்ந்து உதிர்ந்தால் தொண்டையில் ஒட்டும். பாலிலோ பருப்புத் தண்ணீரிலோ ஊறவைத்து மசித்தால் ஏற்றதாகும்.
• பருப்புச் சாதம், தயிர்ச் சாதம்: குழைய வடித்து, மசித்து, சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் குறைந்த அளவில் கூடுதல் ஆற்றல் கிடைக்கும்.
• வாழைப்பழம்: நன்கு பழுத்ததை நாரின்றி மசித்துக் கொடுக்கலாம்.
• முறுக்கு, பொரி, கடலை, முழுத் திராட்சை: அடைத்துக்கொள்ளும் இயல்புடையவை என்பதால் தவிர்க்கப்பட வேண்டும்.

புளிப்பும் காரமும் எண்ணெய்ப் பலகாரங்களும் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டுகின்றன. தேநீரும் காப்பியும் அவ்வாறே.

ஊட்டும் முறை

ஊட்டுபவர் குழந்தையின் கண்மட்டத்தில் முன்னால் அமர வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை தலையை அண்ணாந்து பார்க்கும். ஆழமில்லாத, தட்டையான சிறு கரண்டியைப் பயன்படுத்தி, நாவின் நடுவில் மெல்ல அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து நேராக வெளியே எடுக்க வேண்டும். மேற்பல்லில் உரசி உணவை வழித்தல் கூடாது. குழந்தை கரண்டியைக் கடித்துக்கொண்டால் இழுக்காமல், கடி தளரும்வரை காத்திருக்க வேண்டும். இத்தகையோருக்கு உடையாத நெகிழிக் கரண்டி ஏற்றது.

ஒரு வாய் முழுமையாக விழுங்கப்பட்ட பின்னரே அடுத்த வாய் தரப்பட வேண்டும். மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு சிறு வேளைகளாகப் பிரித்தால் இரைப்பை விரிவது குறைந்து எதுக்களிப்பும் குறையும். ஓக்காளம் வந்தால் ஊட்டுவதை நிறுத்தி, உடலை முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, மூச்சு சீராகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது தண்ணீர் ஊற்றுதல் தீங்கானது.

வாய்க்கூச்சத்தைத் தணித்தல்

உணவு நேரத்திற்கு வெளியே, குழந்தை அமைதியாக இருக்கும்போது, தோள், கன்னம், உதடு என வெளியிலிருந்து தொடங்கி உறுதியான தொடுகை தரப்படுகிறது. அது ஏற்கப்பட்ட பின்னர், தூய்மையான விரலால் ஈறுகளையும் நாவின் முன்பகுதியையும் மெல்ல அழுத்துவர். ஓக்காளம் வரும் இடத்திற்குச் சற்று முன்பாகவே நிறுத்துவதே இதன் விதி. குழந்தையின் கையைப் பிடித்து அதன் வாய்க்குக் கொண்டு செல்வதும் பயன் தரும். மாற்றம் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

நாள்தோறும் பல் துலக்குதலும் இதன் ஒரு பகுதியாகும். வாயில் உள்ள கிருமிகள் உமிழ்நீருடன் நுரையீரலுக்குச் செல்வதே நுரையீரல் அழற்சிக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால், வாய்வழி உண்ணாதவர்களுக்கும் வாய்த் தூய்மை தேவை.

மருந்துகள்

ஓமெப்ரசோல், ஈசோமெப்ரசோல், லான்சோப்ரசோல் போன்றவை அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன. இவை உணவு மேலேறுவதை நிறுத்துவதில்லை. மேலேறும் நீர்மத்தின் அமிலத் தன்மையை மட்டுமே குறைக்கின்றன. உணவுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு முன் தரப்படும் இம்மருந்துகளின் உறையிட்ட மணிகளைப் பொடியாக்கக் கூடாது. நீண்ட காலம் பயன்படுத்தினால் குடல் தொற்றும் நுரையீரல் தொற்றும் எலும்பு முறிவும் ஏற்படும் வாய்ப்பு கூடலாம் என்பதால், தேவை அவ்வப்போது மீளாய்வு செய்யப்பட வேண்டும். முன்னர் பரவலாகத் தரப்பட்ட ரானிடிடின், மாசு பற்றிய ஐயத்தால் 2020-இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

இரைப்பையின் இயக்கத்தைத் தூண்டும் மருந்துகளில் எச்சரிக்கை தேவை. மெட்டோகுளோப்ரமைடு கழுத்தையும் கண்களையும் முறுக்கும் தசைப்பிடிப்பை உண்டாக்கலாம். அது பெருமூளை வாதத்தின் அசைவுகளாகவே கருதப்பட்டுவிடும். டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கலாம். தசை இறுக்கத்திற்குத் தரப்படும் பேக்ளோஃபென் சிலருக்கு எதுக்களிப்பையும் குறைக்கிறது. வலிப்பிற்குத் தரப்படும் குளோனசிபம் போன்றவை உமிழ்நீரைப் பெருக்கி விழுங்குதலை மந்தப்படுத்தக்கூடும். உமிழ்நீரைக் குறைக்கும் மருந்துகள் மலச்சிக்கலை மிகுவிக்கும். ஆகவே எல்லா மருந்துகளையும் ஒரே மருத்துவர் ஒருங்கே பார்ப்பது விரும்பத்தக்கது.

குழாய் உணவும் அறுவைச் சிகிச்சையும்

வாய்வழி உணவு போதாதபோதும் பாதுகாப்பற்றதாகும்போதும் குழாய் பயன்படுகிறது. மூக்கு வழிக் குழாய் சில வாரங்களுக்கே ஏற்றது. அது தொண்டையை உறுத்தி ஓக்காளத்தைத் தூண்டுவதோடு, சுருக்குத்தசையை முழுதாக மூடவிடாமலும் செய்கிறது. நெடுநாள் தேவைக்கு வயிற்றுச் சுவர் வழியே இரைப்பையில் குழாய் பொருத்தப்படுகிறது. குழாய் பொருத்துவது வாய்வழி உணவை முற்றிலும் கைவிடுவதாகாது. பாதுகாப்பான அளவு சுவைக்கப் பலருக்கும் வாய்ப்புண்டு.

குழாயில் விரைந்து செலுத்தினாலும் ஓக்காளம் வரும். மெதுவாகச் செலுத்துதல், உணவுக்கு முன் குழாய் வழியே காற்றை வெளியேற்றுதல், அளவைக் குறைத்துத் தடவையைக் கூட்டுதல் ஆகியவை உதவும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் எதுக்களிப்பு அறுவைச் சிகிச்சை பெற்ற 33 குழந்தைகளுக்குக் கூழாக்கிய உணவைக் குழாய்வழி கொடுத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓக்காளம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. வீட்டு உணவை அரைத்துச் செலுத்துவோர் மருத்துவரின் ஒப்புதலோடு, நன்கு வடிகட்டி, சமைத்த 2 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும்.

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் நிசன் அறுவைச் சிகிச்சை, பிற வழிகள் பலனளிக்காதபோது செய்யப்படுகிறது. பெருமூளை வாதமுடையோரில் இதன் சிக்கல்களும் மீண்டும் எதுக்களிப்பு வருவதும் மற்றவர்களைவிட அதிகம். அறுவைக்குப்பின் வாந்தி எடுக்க இயலாமல் ஓக்காளம் மட்டும் தொடர்வதும் உண்டு.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம், முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல், வாழை, திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கியது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தோலும் விதையும் உடைய இப்பழத்தை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சாறாகக் கொடுத்தால் நீர்ப்பதமும் புளிப்பும் சிக்கலாகும். இங்கு எளிதில் கிடைக்கும் வாழைப்பழமும் சிறுதானியக் கூழுமே இவர்களுக்கு ஏற்றவை.

மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் உள்ள ஊர்களிலிருந்து தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப்புகளில் புறப்பட்டு, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். இவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். ஒரு வேளை ஊட்ட 40 நிமிடங்கள் எனக் கொண்டால், ஐந்து வேளைக்கு 200 நிமிடங்கள் ஆகும். ஊட்டுவதற்காகத் தாய் வீட்டிலிருந்தால் அன்றைய கூலி இல்லை. வேலைக்குச் சென்றால் காலை உணவு இருட்டில் அவசரமாகப் புகட்டப்படும். பகல் உணவு பாட்டியின் கையிலோ மூத்த பிள்ளையின் கையிலோ விடப்படும். ஆகவே ஊட்டும் முறையைத் தாய்க்கு மட்டும் கற்பித்தல் போதாது. பகலில் ஊட்டுபவர் யாரோ அவருக்கும் கற்பிக்க வேண்டும்.

தேனி நகருக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே க. விலக்கில் அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையும் உள்ளன. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. சிறப்பு ஆய்வுகளுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்ல நேரலாம். கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கி.மீ.; அங்கிருந்து மதுரை ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவிலுள்ளது. பேருந்தில் குழந்தையை மடியில் மல்லாத்திக் கிடத்திச் செல்வது எதுக்களிப்பைக் கூட்டும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊட்டி முடித்தலும், பயணத்தில் தோளோடு நிமிர்த்தி வைத்திருத்தலும் நலம்.

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சி தரப்படுகிறது. 2021 ஆகத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். பெருமூளை வாதம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நடைபெறும் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். இவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

நாட்டு வழக்கங்கள்

காலை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்களின்மேல் மல்லாத்திக் கிடத்தி, சங்காலோ பாலாடையாலோ புகட்டுதல் தமிழகத்தில் நெடுங்கால வழக்கமாகும். விழுங்கும் திறன் இயல்பாக உள்ள குழந்தை இதைச் சமாளித்துவிடும். பெருமூளை வாதமுடைய குழந்தைக்கு இந்நிலை புரையேற்றத்திற்கு வழிவகுக்கும். பாலாடையையே பயன்படுத்துவதாயின் குழந்தையை நிமிர்த்தி, கீழுதட்டில் அதன் மூக்கை வைத்து, சிறிது சிறிதாகச் சாய்க்கலாம். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கச் செய்தலும், மூக்கைப் பிடித்து மருந்து புகட்டுதலும் இவர்களுக்குப் பேரிடர் தரவல்லவை.

தொடர்ந்து வாந்தி எடுக்கும் குழந்தைக்கு 'தொக்கம்' விழுந்துள்ளது எனக் கூறி, வயிற்றைத் தடவி, வாயாலோ குழலாலோ ஊதியோ உறிஞ்சியோ சிக்கிய உணவை எடுத்ததாகக் காட்டுவதும், 'உரம்' எடுப்பதாகக் கூறித் துணியில் இட்டு உருட்டுவதும் இன்னும் வழக்கில் உள்ளன. எதுக்களிப்பில் உணவு எங்கும் சிக்கியிருப்பதில்லை. இச்செயல்களால் கிருமித் தொற்றும் காயமும் புரையேற்றமும் நேரலாம். உண்மையான நோயைக் கண்டறிவதும் தள்ளிப்போகிறது.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

• வாந்தியில் குருதியோ பச்சை நிறப் பித்தமோ காணப்படுதல், கரிய மலம்
• மூச்சுத்திணறல், உதடு நீலமாதல்
• உண்டபின் காய்ச்சலும் விரைந்த மூச்சும்
• வயிறு உப்பி இறுகுதல்
• சிறுநீர் குறைதல், சோர்வு, விழிப்பின்மை

உணவு அடைத்து மூச்சும் இருமலும் நின்றால் 108 அவசர ஊர்தியை அழைத்தவாறே முதலுதவி செய்ய வேண்டும். ஓராண்டுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழக் கவிழ்த்து முதுகில் 5 முறை தட்டி, பின்னர் மல்லாத்தி நடு மார்பில் 5 முறை அழுத்த வேண்டும். அதற்கு மேற்பட்டோருக்கு முதுகில் தட்டுதலும் மேல்வயிற்றை உள்நோக்கி மேலாக அழுத்துதலும் செய்யப்படும். கண்ணுக்குத் தெரியாத அடைப்பை விரலால் துழாவக் கூடாது.

வரலாறு

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், கடினமான பிறப்புக்கும் குழந்தைகளின் தசை இறுக்கத்திற்கும் உள்ள தொடர்பை 1861-இல் எடுத்துரைத்தார். வில்லியம் ஆஸ்லர் இதைப் பற்றிய நூலை 1889-இல் வெளியிட்டார். ருடால்ஃப் நிசன் தம் பெயரால் வழங்கும் அறுவைச் சிகிச்சையை 1950-களில் அறிமுகப்படுத்தினார். வயிற்றைத் திறக்காமல் உள்நோக்கியின் துணையால் இரைப்பைக் குழாய் பொருத்தும் முறையை மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி ஆகியோர் 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதன்முதலில் செய்தனர். இம்முறையில் தொடக்கத்தில் பயன் பெற்றவர்களுள் விழுங்க இயலாத குழந்தைகளும் அடங்குவர்.

இந்தியாவில் 1972-இல் மும்பையில் மிது அலூர் தொடங்கிய அமைப்பு பெருமூளை வாதமுடைய குழந்தைகளுக்கான பணியில் முன்னோடியாகும். தமிழ்நாட்டில் 1985-இல் சென்னையில் தொடங்கப்பட்டுப் பின்னர் வித்யாசாகர் எனப் பெயர் மாறிய அமைப்பும், 1981-இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் பயிற்சிப் பணியில் ஈடுபட்டுள்ளன.

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்கானது. உணவின் பதம், மருந்து, குழாய் ஆகியவற்றில் மாற்றம் செய்யுமுன் மருத்துவரையும் விழுங்கல் பயிற்சியாளரையும் அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• பெருமூளை வாதம்
• விழுங்கற்கேடு
• நெஞ்செரிச்சல்
• நுரையீரல் அழற்சி
• தேனி மாவட்டம்